தரவுப் பட்டியலில் மென்பொருளின் பெயர் மட்டும் போதாது

மண்டபம், பாம்பன் பக்கம் நண்டும் கணவாயும் வாங்கி ஏற்றுமதிக்கு அனுப்பும் நிறுவனங்களில், எடை போட ஒன்று, ஐஸ் கணக்குக்கு ஒன்று, வரிக்கணக்குக்கு டேலி எனப் பல மென்பொருள்கள் தனித்தனியே ஓடுவதுண்டு. இவற்றைத் தரவுப் பட்டியலில் (நிறுவனத்தின் எந்தத் தரவு எங்கே இருக்கிறது என்று காட்டும் பதிவேட்டில்) ஏற்றும்போது பெயர், பதிப்பு, சர்வர் முகவரி ஆகியவற்றோடு நிறுத்திவிடுகிறோம். பின்னாளில் தேடி வருபவருக்கு வேண்டியது அதுவன்று. அந்த அமைப்பு எந்த வேலைக்காக இருக்கிறது, அதன் தரவுக்கு எந்தப் பதவியில் இருப்பவர் பொறுப்பு, தரவு எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்பவற்றை முதலில் எழுதுங்கள்.

ஒரே விவரம் இரண்டு இடங்களில் இருந்தால், எது மூலத் தரவு என்பதையும் குறிப்பிடுங்கள். ஐஎன்டி-டிஎன்-10 எனத் தொடங்கும் படகுப் பதிவெண்ணை எடைக்கூடத்தில் இடைக்கோடு இல்லாமலும் கணக்குப் பிரிவில் இடைக்கோட்டோடும் பதிந்திருந்தால், ஒரே படகு அறிக்கையில் இரண்டாகத் தெரியும். இதில் ஒரு முழு நாளைத் தொலைத்தவன் நான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு வரத்து பூஜ்யமாக இருப்பது பிழையன்று என்ற வரியை, வரத்து அட்டவணையின் விளக்கத்திலேயே சேர்த்துவிடுங்கள். வெளியூரில் அமர்ந்து அறிக்கை தயாரிப்பவருக்கு அது தெரிந்திருக்காது. மீனவர்களின் ஆதார், வங்கிக் கணக்கு எண்கள் உள்ள புலங்களைத் தனிநபர் தரவு என்று குறியிடுவது, 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நினைத்தால் தள்ளிப்போடக்கூடாத வேலை.

எடை போடுபவரின் கைப்பேசியிலுள்ள எக்செல் கோப்பும் ஓர் அமைப்புதான் (அன்றைய உண்மையான விலை பெரும்பாலும் அதில்தான் இருக்கும்). அதற்கும் ஒரு பதிவு திறந்து, கடைசியாகச் சரிபார்த்த தேதியை இடுங்கள்.