ஃபோர்ட் ஸ்மித் போனால் முதலில் கீழே இறங்குங்கள்

அமெரிக்காவின் ஆர்கன்சாவில், ஓக்லஹோமா எல்லையை ஒட்டி இருக்கிறது ஃபோர்ட் ஸ்மித் கோட்டை. இப்போது அது தேசிய வரலாற்றுச் சின்னம். அங்கே போகிறவர்கள் பெரும்பாலும் நேராகத் தூக்குமேடையைத்தான் தேடி ஓடுகிறார்கள். அது பிற்காலத்தில் மறுபடி கட்டியது. கடைசியில் பார்த்தாலும் போதும்.

முதலில் பழைய படைவீரர் குடியிருப்பின் நிலவறைக்குப் போங்கள். 1872 முதல் 1888 வரை சிறையாக இருந்த இடம். கல் பாவிய தரை, சின்னச் சின்ன ஜன்னல்கள். விசாரணைக்குக் காத்திருந்தவர்களையும் இங்கேதான் அடைத்து வைத்தார்கள். 'எல்லையில் ஒரு நரகம்' என்று பெயரே வந்துவிட்டது. அஞ்சு நிமிஷம் பேசாமல் நின்று பாருங்கள். அப்புறம் மேலே ஏறினால், அதே கட்டடத்தில் நீதிபதி ஐசக் பார்க்கரின் நீதிமன்றம். 1875 முதல் 21 வருஷத்தில் 160 பேருக்கு மரண தண்டனை விதித்தவர் அவர். அதில் 79 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். கீழே நின்றுவிட்டு வந்து படித்தால்தான் இந்த எண்கள் உறைக்கும்.

அடிமையாகப் பிறந்து, இந்த நீதிமன்றத்துக்காகக் குற்றவாளிகளைப் பிடித்துவரும் துணை மார்ஷலாக உயர்ந்த பாஸ் ரீவ்ஸ் பற்றிய தகவல்களை விட்டுவிடாதீர்கள்.

ஆற்றங்கரைக்கு நடக்கத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். செரோக்கி உள்ளிட்ட பூர்வகுடிகளைச் சொந்த மண்ணிலிருந்து விரட்டிய 'கண்ணீர்ப் பாதை' இந்த வழியாகத்தான் போனது. 1817-இல் கட்டத் தொடங்கிய முதல் கோட்டையின் அடித்தளமும் அந்தப் பக்கமே. கோடையில் வெயில் கடுமை. காலையிலேயே போய்விடுங்கள், தண்ணீர் பாட்டிலோடு.