எல் நினோ வந்தால் வறட்சிதானா? மழைக்கணக்கில் நாம் செய்யும் தவறுகள்

நிலநடுக்கோட்டை ஒட்டிய நடு, கிழக்குப் பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாவதுதான் எல் நினோ. 1997-இல் உருவானது கடந்த நூற்றாண்டின் மிக வலுவான எல் நினோக்களில் ஒன்று. அந்த ஆண்டு இந்தியாவில் தென்மேற்குப் பருவமழை நீண்டகாலச் சராசரியில் 102 சதவீதம். 2002-இல் வந்ததோ நடுத்தர எல் நினோதான். ஜூலை மழை ஏறக்குறைய பாதியாகக் குறைந்து, பருவம் 81 சதவீதத்தில் முடிந்தது. எல் நினோ எவ்வளவு வலுவோ அவ்வளவு வறட்சி என்று நினைப்பதுதான் முதல் தவறு. மற்ற பல தவறுகளும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

கடல் எவ்வளவு சூடானது என்பதோடு எந்த இடத்தில் சூடானது என்பதையும் பார்க்க வேண்டும். வெந்நீர் இருக்கும் இடத்தில் காற்று மேலெழுந்து மழையாகிறது. எழுந்த காற்று வேறோர் இடத்தில் இறங்கியாக வேண்டும். இறங்கும் இடத்தில் மேகம் திரளாது. 1997-இல் சூடு பெரும்பாலும் கிழக்கே, பெரு நாட்டுக் கரைப்பக்கம் இருந்தது. 2002, 2004 ஆண்டுகளில் அது நடுப் பசிபிக்கில் இருந்தது. அப்படி அமையும்போது காற்று இறங்கும் பகுதி இந்தியாவின் மேல் வர வாய்ப்பு அதிகம். ஆகவே நடுப் பசிபிக்கின் ஒரு பகுதியில் கடல் வழக்கத்தைவிட எவ்வளவு சூடு என்று சொல்லும் நினோ 3.4 என்ற ஒற்றை எண்ணோடு நிற்காமல், கிழக்கே உள்ள நினோ 3, மேற்கே உள்ள நினோ 4 ஆகிய பகுதிகளின் எண்கள் இரண்டையும் தனித்தனியே ஒப்பிடுங்கள். நினோ 3.4 ஒரு வாரம் 0.5 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் 'எல் நினோ வந்துவிட்டது' என்று எழுதுவதும் அவசரம். மூன்று மாதச் சராசரி அந்த அளவுக்கு மேல் தொடர்ந்து நிற்கிறதா என்றே பார்ப்பார்கள்.

அடுத்தது, எல் நினோவை விட்டுவிட்டு இந்தியப் பெருங்கடல் இருமுனையைப் பிடித்துக்கொள்வது. பெருங்கடலின் மேற்குப் பகுதி சூடாகி, சுமத்ரா பக்கம் குளிர்ந்தால் அது நேர்மறை. இந்திய மழைக்குச் சாதகம் என்பார்கள். 2019 இதற்கு எல்லோரும் காட்டும் சான்று: ஜூனில் 33 சதவீதம் பற்றாக்குறை, செப்டம்பர் முடிவில் 110 சதவீதம். ஆனால் 2015-லும் 2023-லும் இருமுனை நேர்மறைதான். மழை முறையே 86, 94 சதவீதம். காலத்தையும் கவனியுங்கள். இருமுனை உச்சம் தொடுவது பெரும்பாலும் செப்டம்பர் முதல் நவம்பர் வரை. அதற்கு முன் ஜூனில் பெய்த மழையை அதன் கணக்கில் எழுதுவது பொருந்தாது.

தமிழ்நாட்டு வாசகர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் வேறு. தென்மேற்குப் பருவமழைக்கான விதியை அப்படியே வடகிழக்குப் பருவமழைக்கும் பொருத்திவிடுகிறோம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கணக்கு தலைகீழாகப் போகும். எல் நினோ ஆண்டில் இந்தோனேசியப் பக்கம் காற்று கீழிறங்குகிறது, இந்தியப் பெருங்கடலில் கிழக்கிலிருந்து வீசும் காற்று வலுக்கிறது, ஈரம் தென்னிந்தியாவையும் இலங்கையையும் நோக்கித் தள்ளப்படுகிறது. நாடு முழுவதும் மழை பொய்த்த 2015-இல் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது இப்படித்தான். மறு ஆண்டு, எல் நினோவுக்கு எதிராகப் பசிபிக் குளிரும் லா நினா தலைகாட்டியது, இருமுனையும் எதிர்மறை. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. இதையும் வேதவாக்காக எடுக்க வேண்டாம். 2021 லா நினா ஆண்டு, நவம்பரில் தமிழ்நாடு தத்தளித்தது. அடுத்தடுத்து வரும் தாழ்வுப் பகுதிகள் பருவத்தின் கணக்கையே புரட்டிப்போடும்.

'நாட்டில் இவ்வளவு சதவீதம்' என்ற எண் வசதியானது, ஆனால் நிறைய மறைக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரைக்கான அகில இந்தியச் சராசரி சுமார் 87 செ.மீ. கர்நாடகக் கடற்கரையில் அதே பருவத்தில் சுமார் 300 செ.மீ. பெய்யும். அங்கே 10 சதவீதம் குறைந்தால் போவது 30 செ.மீ.; மேற்கு ராஜஸ்தானுக்குப் பருவம் முழுவதும் கிடைப்பதே அதைவிடச் சற்றுக் குறைவுதான். சதவீதத்தோடு மில்லிமீட்டரையும், நாட்டோடு மாவட்டத்தையும் பாருங்கள். மாவட்ட அளவில் 19 சதவீதம் வரை கூடினாலும் குறைந்தாலும் 'இயல்பு' என்றே குறிப்பார்கள். அகில இந்திய அளவில் 96 முதல் 104 வரைதான் இயல்பு. இரண்டு அளவுகோல்களையும் கலந்து பேசினால் வாதம் முடியவே முடியாது.

மாதங்களையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 2023-இன் 94 சதவீதத்துக்குள் ஜூலையில் 13 சதவீத உபரியும் ஆகஸ்டில் 36 சதவீதப் பற்றாக்குறையும் ஒளிந்திருக்கின்றன. 1901 முதலான பதிவுகளில் அவ்வளவு வறண்ட ஆகஸ்ட் இல்லை. பருவமழை ஓய்வெடுக்கும்போது, கங்கைச் சமவெளியில் கிடக்க வேண்டிய தாழ்வழுத்தப் பள்ளம் இமயமலை அடிவாரத்துக்கு நகர்ந்துவிடும். நடு இந்தியா காய்ந்த அதே நாட்களில் இமாச்சலத்தில் மலை சரிந்தது. 30 முதல் 60 நாட்களில் மேகமும் மழையுமாக உலகைச் சுற்றிவரும் மேடன்-ஜூலியன் அலைவுக்கும் இந்த ஓய்வு நாட்களில் பங்கு உண்டு. அதை எல் நினோவின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது.

கேரளத்தில் மழை என்றைக்குத் தொடங்கியது என்பதை வைத்துப் பருவத்தைக் கணிப்பதும் பழைய பழக்கம். 2009-இல் மே 23-ஆம் தேதியே தொடங்கியது. பருவம் 78 சதவீதத்தில் முடிந்தது. 2019-இல் ஜூன் 8 வரை காத்திருந்தோம். முடிவு மேலே சொன்னதுதான். தொடக்கத் தேதி விதைப்புக்கு உதவும், அணைக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்று சொல்லாது.

கடைசியாக ஏப்ரல் முன்னறிவிப்பு. மார்ச், ஏப்ரல் மாதங்களில் பசிபிக்கின் போக்கைக் கணிப்பதில் கணினி மாதிரிகள் தடுமாறுகின்றன. அதனால்தான் இந்திய வானிலை ஆய்வு மையம் ஏப்ரலில் சொல்லும் எண்ணோடு 5 சதவீதம் கூடலாம் அல்லது குறையலாம் என்று சேர்த்தே சொல்கிறது. மே இறுதியில் திருத்தி வெளியிடும்போது அது 4 சதவீதம். 96 என்று அறிவித்தால் 91 முதல் 101 வரை என்று பொருள். 91 என்பது 'இயல்பைவிடக் குறைவு', 101 என்பது 'இயல்பு'. தலைப்புச் செய்தியில் வருவது 96 மட்டும்தான்.