சிம்பிளெக்ஸ் அட்டவணை: வெங்காயமும் பீட்ரூட்டும் வைத்து ஒரு கணக்கு

லீனியர் புரோகிராமிங் (இருக்கும் வளங்களின் எல்லைக்குள் இலாபத்தை இயன்றளவு கூட்டும் கணக்கு) என்றால் பாடக்குறிப்பில் எப்போதும் கதிரையும் மேசையும் செய்கிற ஒரு தொழிற்சாலை வரும். நமக்கு ஏன் அது? யாழ்ப்பாணத்தில் உரும்பிராய்ப் பக்கம் செம்மண் தோட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு ஏக்கர், அதாவது 16 பரப்பு. சின்ன வெங்காயமும் பீட்ரூட்டும் போடலாம். கீழே வரும் எண்கள் கணக்கு நேராக வருவதற்காக நான் வைத்தவை; சந்தை நிலவரம் என்று நம்பிவிடாதீர்கள்.

படி 1: சமனிலிகள்

வெங்காயப் பரப்பு 'வெ', பீட்ரூட் பரப்பு 'பீ', இலாபம் 'லா' (ஆயிரம் ரூபாயில்).

லா = 5வெ + 3பீ (இதை இயன்றளவு பெரிதாக்க வேண்டும்)
காணி: வெ + பீ ≤ 16
தண்ணீர்: 2வெ + பீ ≤ 24 (கிழமைக்குத் தண்ணீர் இறைக்கும் மிசின் ஓடும் மணி)
விதை வெங்காயம்: வெ ≤ 10

இரண்டும் பூச்சியத்துக்குக் கீழே போகாது.

படி 2: வரைபு

கோடு கீறத் தெரியும்தானே, கீறிக்கொள்ளுங்கள். மூலைகள் (0,0), (10,0), (10,4), (8,8), (0,16). இலாபம் முறையே 0, 50, 62, 64, 48. விடை (8,8). மாறிகள் நாலைந்து ஆனதும் வரைபு உதவாது. அதற்குத்தான் 1947இல் அமெரிக்கக் கணிதவியலாளர் டான்ட்சிக், இலாபம் கூடும் பக்கமாக மூலைக்கு மூலை நகரும் சிம்பிளெக்ஸ் முறையைக் கொண்டுவந்தார். (லெனின்கிராட்டில் ஒட்டுப்பலகைத் தொழிலுக்காகக் சோவியத் கணிதவியலாளர் கன்டொரோவிச் 1939இலேயே இந்த வகைக் கணக்கைத் தொட்டுவிட்டார்.)

படி 3: அட்டவணை

ஒவ்வொரு சமனிலியிலும் மிஞ்சுவதை ஒரு மாறியாக்கிச் சமன்பாடாக மாற்றுங்கள். காணி மீதி 'கா', தண்ணீர் மீதி 'த', விதை மீதி 'வி'. முதல் சுற்றில் இலாபத்தை அதிகம் கூட்டும் வெ உள்ளே வரும், அதாவது பூச்சியத்திலிருந்து கூடும். ஒவ்வொரு வரியிலும் வலப்பக்க எண்ணை வெ-க்கு முன் உள்ள எண்ணால் வகுத்தால் வரும் விகிதங்கள் 16, 12, 10. சிறியது 10, ஆகவே வி வெளியே, அதாவது பூச்சியமாகும். லா 50. அடுத்து பீ உள்ளே, த வெளியே, லா 62. இதுவரை யாருக்கும் தடங்கல் வராது. இப்போது அட்டவணை இப்படி நிற்கும்:

கா − த + வி = 2
பீ + த − 2வி = 4
வெ + வி = 10
லா + 3த − வி = 62

கடைசி வரியில் வி-க்கு முன்னால் கழித்தல் குறி இருக்கிறது, அதாவது வி கூடினால் லாவும் கூடும். ஆகவே வெளியே போன வி திரும்ப உள்ளே வர வேண்டும். (போனது திரும்பி வருமா? தாராளமாக வரும்.) விகிதம் எடுங்கள்: 2/1 = 2, 4/(−2) = −2, 10/1 = 10.

கவனம், கால் இடறும் இடம் இதுதான். "ஆகச் சிறியதை எடு" என்று மனப்பாடம் செய்தவர்கள் −2ஐ எடுத்துவிடுவார்கள். எடுத்தால் வி = −2, வெங்காயம் 12 பரப்பு. விதையோ 10 பரப்புக்குத்தான் இருக்கிறது! லாவும் 60க்கு இறங்கிவிடும்.

அந்த வரியை ஏன் விட வேண்டும்? பீ = 4 + 2வி என்று எழுதிப் பாருங்கள். ஒரு பரப்பு வெங்காயத்தை நடாமல் விட்டால் 2 மணித் தண்ணீர் மிச்சம். அது 2 பரப்பு பீட்ரூட்டுக்குப் போதும். வி கூடக் கூட பீட்ரூட்டும் கூடுமே தவிரக் குறையாது. குறையாத ஒன்று எப்படி எல்லையாகும்? ஆகவே அந்த நிரலில் பூச்சியத்துக்கு மேற்பட்ட எண் உள்ள வரிகளுக்கு மட்டும் விகிதம் எடுங்கள். மற்றவற்றில் ஒரு கோடு போட்டுவிடுங்கள். பரீட்சை அவசரத்தில் அது காப்பாற்றும்.

சரியான வரி முதலாவது. அதை வைத்து அட்டவணையைத் திரும்ப எழுதினால் வி = 2, வெ = 8, பீ = 8, கடைசி வரி:

லா + கா + 2த = 64

பலர் 64ஐ எழுதிவிட்டுப் பேனையை வைத்துவிடுவார்கள். எனக்குப் பிடித்த பகுதியே இனிமேல்தான். த-க்கு முன் நிற்கும் 2தான் தண்ணீரின் நிழல் விலை: இன்னும் ஒரு மணி இறைக்க முடிந்தால் இலாபம் 2000 ரூபாய் கூடும். ஒரு பரப்புக் காணி கூடினால் 1000 ரூபாய்தான். ஆண்டு முழுக்க ஓடும் ஆறில்லாமல் கிணற்றை நம்பி இருக்கும் யாழ் குடாநாட்டில், எந்த வளம் கழுத்தைப் பிடிக்கிறது என்பதைக் கடைசி வரியே சொல்லிவிடுகிறது. ஆனால் இந்த 2000 ரூபாய்க் கணக்கு 26 மணி வரைதான். அதற்கு மேல் விதை வெங்காயம் தடுத்துவிடும்.

எதில் செய்வது?

முதலில் தாளில் ஒருமுறை. அப்புறம் எக்செலில் உள்ள சால்வர் (Solver). முறையில் 'சிம்பிளெக்ஸ் எல்பி' (Simplex LP) தெரிவு செய்ய மறக்க வேண்டாம். நிழல் விலையை அதுவே அறிக்கையாகத் தருவதால் தொடங்குபவர்களுக்கு அதையே சொல்வேன். பைதான் நிரல்மொழியில் சைபை (SciPy) நூலகத்தின் லின்ப்ரோக் (linprog) நல்லது. ஆனால் அது குறைக்க மட்டுமே செய்யும். ஆகவே −5, −3 என்று கொடுங்கள். −64 என்று விடை வந்தால் பதற வேண்டாம்.

பின்சேர்க்கை: "குறைந்தது 10 பரப்பு பீட்ரூட் வேண்டும் என்றால்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். பீ ≥ 10. லின்ப்ரோக்கில் இரு பக்கமும் −1ஆல் பெருக்கி −பீ ≤ −10 என்று கொடுங்கள். தாளில் செய்தால் (0,0) இனித் தொடக்கப் புள்ளி ஆகாது. செயற்கை மாறி ஒன்று சேர்க்க வேண்டும், அதைத் தனியே எழுதுகிறேன். விடை வெங்காயம் 6, பீட்ரூட் 10, லா 60. இப்போது 2 மணித் தண்ணீர் மிஞ்சுவதால் அதன் நிழல் விலை பூச்சியம். காணியின் நிழல் விலை 5000 ரூபாய்க்கு ஏறிவிடும்.