செவா மக்களின் பழமொழியையும் நம் சொலவடையையும் எழுதிவைக்கும் முறை

மலாவி, சாம்பியா, மொசாம்பிக் ஆகிய நாடுகளில் வாழும் செவா மக்கள் பழமொழியை ‘ம்வாம்பி’ என்பார்கள். ‘ஒற்றைத் தலை கூரையைச் சுமக்காது’ என்பது அவற்றுள் ஒன்று. இதைக் கேட்டதுமே ‘தனிமரம் தோப்பாகாது’ என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடாதீர்கள். முதலில் சொல்லுக்குச் சொல் பொருளை எழுதுங்கள். பிறகு அது பிறந்த வேலையை எழுதுங்கள்: புல் வேயும் கூரையின் சட்டத்தைத் தரையிலேயே கட்டி, பலர் கூடித் தூக்கிச் சுவர்மேல் ஏற்றும் வழக்கத்திலிருந்து வந்த சொல் அது. திருநெல்வேலி மாவட்டத்துத் திசையன்விளைப் பக்கம் பனையோலை வேய்ந்த கைகளுக்கு இது உடனே விளங்கும்; மேலே கட்டுகிறவருக்குக் கீழிருந்து ஓலை எடுத்துக்கொடுக்க ஆள் வேண்டுமே. இணையான தமிழ்ப் பழமொழியைக் கடைசியில் சேர்த்தால் போதும். முன்னதாகச் சேர்த்தால் அது அந்தக் காட்சியை மறைத்துவிடும்.

‘பெரியவர்களின் சொல் ஓர் இரவு கழிந்தபின் சுவைக்கும்’ என்பது இன்னொன்று. நம் ‘மூத்தோர் சொல்லும் முதுநெல்லிக்காயும் முன்னே கசக்கும், பின்னே இனிக்கும்’ என்பதோடு இது ஒத்துப்போகிறது. ஆயினும் அங்கே கசப்பைப் பற்றிய பேச்சே இல்லை, காத்திருத்தல் மட்டுமே உண்டு. இந்த வேறுபாட்டைத் தவறாமல் குறியுங்கள். ஒப்புமையைவிட இதுவே அருமையானது என்பது என் எண்ணம்.

நம் சொலவடைகளுக்கும் இதே முறைதான். ‘பழமொழி சொல்லுங்கள்’ என்று கேட்டால் பாடநூலில் உள்ளவையே திரும்ப வரும். அதே மாவட்டத்து முக்கூடல் பக்கம் ஆச்சிகள் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றும் பிற்பகலில் அருகே அமர்ந்திருந்தால், பேச்சோடு பேச்சாக அவை தாமே வந்து விழும்.

யார், யாரிடம், எப்போது சொன்னார் என்பதையும், கேட்டவர் என்ன செய்தார் என்பதையும் உடன் எழுதுங்கள். பிசானப் பருவ நெல் அறுவடை முடிந்து களத்தில் மூட்டை எண்ணியபோது, செலவுக் கணக்குக் கேட்ட என் சித்தப்பாவிடம் தாத்தா, ‘உழுதவன் கணக்குப் பார்த்தா உழக்குகூட மிஞ்சாது’ என்றார். அது புலம்பல் அன்று. கணக்கை விட்டுவிட்டு அடுத்த கார் பருவ நெல்லுக்கு விதை ஒதுக்கச் சொன்ன கட்டளை. பின்னர் வேலை தேடிச் சென்னைக்குப் புறப்பட்ட சித்தப்பா, பையைத் தோளில் மாட்டியபடி அதே சொல்லைத் தாத்தாவிடம் திருப்பிச் சொன்னபோது, அது விடைபெறும் சொல்லாயிற்று. இரண்டும் இரண்டு பதிவுகள்.

‘பார்த்தா’ என்பதைப் ‘பார்த்தால்’ என்று திருத்த வேண்டாம். எழுதியதை அன்று மாலையே சொன்னவரிடம் வாசித்துக் காட்டுங்கள். ‘அப்படி இல்லய்யா’ என்று அவர் மாற்றிச் சொன்னால், பழைய வரியை அடிக்காமல் அதன் கீழேயே புதியதையும் எழுதிவையுங்கள்.