வஞ்சிரமா, வஞ்சிரத்தையா?

ராயபுரத்தில் மொட்டை மாடியில் டியூஷன் எடுக்கிறேன். சவுகார்பேட்டையிலிருந்து வரும் ஒரு பெண் போன வாரம் நோட்டில் "நான் அம்மாவுக்குப் பார்த்தேன்" என்று எழுதியிருந்தாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. வீட்டில் இந்தி. நம்முடைய 'கு', 'ஐ' இரண்டின் வேலையையும் அங்கே 'கோ' ஒன்றே பார்த்துவிடுகிறது.

அவளுக்குச் சொன்னது இதுதான். முதலில் வினைச்சொல்லைப் பிடி. 'எதை, யாரை' என்று அதனிடம் கேள். பார்த்தேன், யாரை? அம்மாவை. பதில் வந்தால் அதுதான் செயப்படுபொருள், இரண்டாம் வேற்றுமை. 'தூங்கினேன்' மாதிரி பதிலே வராவிட்டால் விட்டுவிடு.

அப்புறம் ஆளா, பொருளா என்று பார்க்க வேண்டும். ஆள் என்றால் ஐ கட்டாயம். பொருள் என்றால், குறிப்பாக அதுவா, ஏதோ ஒன்றா? காசிமேட்டுக்குப் போய் வந்து 'வஞ்சிரம் வாங்கினேன்' என்றால் போதும். அதையே வெட்டித் தரும் அக்காவிடம் நீட்டும்போது 'இந்த வஞ்சிரத்தை வெட்டிக் கொடுங்கக்கா' என்றுதான் வாயில் வரும். இந்தியிலும் ஏறக்குறைய இதே கணக்கு: 'பானி லாவ்' (தண்ணீர் கொண்டு வா) என்பதில் கோ இல்லை, 'ராம் கோ புலாவ்' (ராமைக் கூப்பிடு) என்பதில் உண்டு. துருக்கி மொழியிலும் குறிப்பிட்ட பொருளுக்குத்தான் உருபு. ஜெர்மன் இன்னொரு ரகம். ஆண்பால் ஒருமைக்கு மட்டும், பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்கும் 'டேர்' என்ற சொல் 'டேன்' ஆகிவிடும்.

ஆளுக்குக் கட்டாயம் என்றேன் இல்லையா? 'பெண் பார்க்க வந்தாங்க' அதில் சேராது. எங்கள் தெருவில் ஐ சேர்த்து 'பெண்ணைப் பார்க்க வந்தாங்க' என்று சொல்லிப் பாருங்கள், 'எந்தப் பெண்ணை, எதுக்கு?' என்று விசாரணை தொடங்கிவிடும்.

ஒட்டுகிற இடத்தில்தான் பிள்ளைகள் மார்க்கை விடுகிறார்கள். மகரத்தில் முடிந்தால் இடையில் 'அத்து' நுழையும்: வஞ்சிரத்தை, மரத்தை. வீடு வீட்டை ஆகும், கயிறு கயிற்றை ஆகும் ('கயிறை' என்று எழுதினால் சிவப்பு மை நிச்சயம்). ஆனால் நண்டு வெறும் நண்டைதான், படகு படகைதான். வலையை, இறாவை என்பவற்றில் சிக்கல் இல்லை.

ஐக்குப் பிறகு க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும்: நண்டைப் பிடித்தான். ஐ மறைந்தால் ஒற்றும் கூடவே போய்விடும்: நண்டு பிடித்தான்.

அந்தப் பெண் சட்டென்று பிடித்துக்கொண்டாள். 'அம்மாவைப் பார்த்தேன்' என்று திருத்தி, அடுத்த வரியில் தெம்பாக எழுதினாள்: 'அம்மாவைப் பூ கொடுத்தேன்.' சரி, நான்காம் வேற்றுமை வியாழக்கிழமை.