வகுப்பில் கைமாற்று அதிகமாகிறதா? கவனியுங்கள்

குடித்த பிள்ளையை வாடையிலேயே கண்டுபிடித்துவிடலாம், ஆன்லைன் சூதாட்டத்தில் மாட்டிய பிள்ளையிடம் வாடை எதுவும் வராது. அதனால் ஆசிரியர்களே, போனைத் தேடுவதற்கு முன்னால் பணம் போகும் வழியைப் பாருங்கள். பஸ்ஸுக்கு இருபது, நோட்டுக்கு ஐம்பது என்று நாலைந்து பேரிடம் கைமாற்று வாங்கியிருப்பான், வீட்டில் கொடுத்தனுப்பிய தேர்வுக் கட்டணம் ஆபீசுக்கு வந்திருக்காது, முதல் பீரியடிலேயே தூங்குவான், அம்மாவின் ஜிபே பின் நம்பர் அவனுக்கு மனப்பாடமாக இருக்கும். ஐபிஎல் சமயத்தில் இன்னும் கூர்ந்து பாருங்கள். "விட்டதைப் பிடிச்சிடுவேன் சார்" என்று ஒரு பையன் சொன்னால் அன்றைக்கே உட்காரவைத்துப் பேசிவிட வேண்டும்.

பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு 2025 ஆகஸ்டில் மத்திய அரசே தடைச் சட்டம் கொண்டுவந்துவிட்டது. ஆனாலும் டெலிகிராம் குரூப்பில் லிங்க் வந்துகொண்டுதான் இருக்கிறது, சட்டம் வந்துவிட்டதே என்று நாம் சும்மா இருக்க முடியாது.

பேசுவதைத் தனியாகப் பேசுங்கள். பிரேயரில் நிறுத்துவது, ஸ்டாஃப் ரூமில் பத்துப் பேர் முன்னால் விசாரிப்பது இரண்டும் கூடவே கூடாது. "ஏன்டா செஞ்சே" என்பதை விட "எவ்வளவு கடன் இருக்கு" என்று கேளுங்கள், அவன் ராத்திரியெல்லாம் நினைத்துப் பயப்படுவது அதைத்தான். யாருக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் சேர்ந்து எழுதுங்கள். அப்புறம் அவனுக்குச் சொல்லிவிட்டே பெற்றோரை அழையுங்கள். அடிக்க வேண்டாம், பின் நம்பரை மாற்றுங்கள், கடனை அடைக்கும் பணத்தை அவன் கையில் தராதீர்கள் என்று சொல்லி அனுப்புங்கள். கடன் கொடுத்தவர் மிரட்டினால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். செத்துவிடலாம் போலிருக்கிறது என்று வாய்விட்டால் அவனைத் தனியே விடாமல், பக்கத்தில் இருந்தபடியே 14416 டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்குப் பேசுங்கள், இலவசம், இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள்.

வராமல் தடுக்கக் கணக்கு வாத்தியார் ஒரு பீரியட் ஒதுக்கினால் போதும். நாற்பது பேருக்கும் ஆளுக்கு இருபது புளியங்கொட்டை கொடுங்கள். பூஜ்ஜியம் முதல் ஒன்பது வரை சீட்டு எழுதிக் குலுக்கி, ஒரு கொட்டை கட்டிச் சரியாகச் சொன்னால், கட்டியதையும் சேர்த்து ஒன்பது கொட்டை என்று வையுங்கள். முதலில் ரெண்டு மூன்று பேர் ஜெயித்துக் குதிப்பார்கள், குதிக்கட்டும், நிறுத்தாமல் ஆட்டத்தை ஓட்டுங்கள். பத்துக்கு ஒரு தடவைதான் விழும், விழுந்தாலும் ஒன்பதுதான் வரும் என்பதால், போகப்போகக் கொட்டை வாத்தியார் டப்பாவுக்கே வந்து சேரும். அதை எல்லோர் கண் முன்னாலும் மேஜையில் கொட்டி எண்ணச் சொல்லுங்கள்.

ஆண்டு விழாவுக்குப் பணம் சேர்க்க மாணவர்களிடமே குலுக்கல் டிக்கெட் புத்தகத்தைக் கொடுத்து விற்கச் சொல்லும் வழக்கம் உங்கள் பள்ளியில் இருந்தால், அதையும் இந்த வருடத்தோடு நிறுத்திவிடுங்கள்.