நானோ பொடி கலந்த மசகெண்ணெய்: படியாமல் கலக்குவது, ஏமாறாமல் சோதிப்பது

மசகெண்ணெயில் நானோ பொடியைக் கலந்தால் உலோகத் தேய்மானம் குறைகிறதா என்று சோதிக்க எங்கள் ஆய்வகத்துக்கு வரும் இறுதியாண்டு மாணவர்கள் பலர், கையில் நானோ பொடிப் பொட்டலத்துடனும் மனத்தில் ‘தேய்மானம் குறைந்தது’ என்ற முடிவுடனும்தான் வருகிறார்கள். எண்ணெயை இன்னும் வாங்கியிருக்கமாட்டார்கள். நான் எண்ணெயிலிருந்துதான் தொடங்கச் சொல்வேன்.

கடையில் டப்பாவில் விற்கும் என்ஜின் ஆயில் இதற்கு உதவாது. துத்தநாகமும் பாஸ்பரஸும் கொண்ட தேய்மானத் தடுப்புப் பொருள், கசடு நீக்கிகள் எல்லாம் அதில் முன்பே இருக்கின்றன. உங்கள் பொடியும் அவையும் உலோகப் பரப்பில் ஒரே இடத்துக்கு முட்டிக்கொள்ளும். பலன் எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. சேர்க்கை எதுவும் இல்லாத அடிப்படை எண்ணெய் வேண்டும். ஆயில் கலந்து விற்பவர்களிடம் ‘எஸ்என் 500’ என்று கேளுங்கள்.

பொடிக்கு, முதல் தடவை காப்பர் ஆக்சைடு போதும். மாலிப்டினம் டைசல்பைடு இன்னும் பெயர்பெற்றது. அதன் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று எளிதில் வழுக்கும். ஆனால் பொடியை எண்ணெயில் மிதக்கவைக்க நாம் சேர்க்கப்போகும் ஒலியிக் அமிலம் ஆக்சைடுப் பரப்பை நன்றாகப் பற்றிக்கொள்ளும். மாலிப்டினம் டைசல்பைடின் தட்டையான முகத்தில் அதற்கு அவ்வளவு பிடிமானம் கிடையாது. பொட்டலத்தில் ‘50 நானோமீட்டர்’ என்று போட்டிருப்பது தனித்தனித் துகளின் அளவு. பொட்டலத்துக்குள் அவை உப்புமா ரவைபோலக் கட்டி தட்டித்தான் இருக்கும்.

பொட்டலத்தைப் பிரிக்கும் முன் மின்விசிறியை நிறுத்துங்கள். என்95 முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். சிந்தினால் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். எண்ணெயில் கலந்துவிட்ட பொடி எளிதில் மூச்சில் போகாது, உலர்ந்திருக்கும்போதுதான் ஆபத்து அதிகம்.

பொடியை 110 டிகிரி அடுப்பில் இரண்டு மணி நேரம் உலர்த்துங்கள். 100 கிராம் எண்ணெயைத் தராசில் எடுங்கள், அளவுக் குவளையில் வேண்டாம். எண்ணெயை 60 டிகிரிக்குச் சூடாக்கி, அரை கிராம் ஒலியிக் அமிலத்தைக் கலந்து, பிறகு அரை கிராம் பொடியைச் சிறிது சிறிதாகத் தூவியபடி காந்தக் கலக்கியில் அரை மணி நேரம் சுழல விடுங்கள். (காந்தம் ஈர்க்கும் வகை இரும்பு ஆக்சைடு வாங்கியவர்கள் காந்தக் கலக்கி பக்கம் போகவேண்டாம். பொடி காந்தத் துண்டில் ஒட்டிக்கொள்ளும்.)

கலக்கியால் கட்டிகள் உடையாது. அதற்கு மீயொலி, அதாவது காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண் ஒலி வேண்டும். கண்ணாடிகளைக் கழுவும் தொட்டி வகை இந்தக் கெட்டி எண்ணெயில் பெரிதாக எதுவும் செய்யாது. எண்ணெய்க்குள் இறங்கும் தண்டு வகையையே பயன்படுத்துங்கள். ஐந்து நொடி ஓட்டம், ஐந்து நொடி ஓய்வு என மொத்தம் அரை மணி நேரம். பீக்கரைப் பனிக்கட்டி நீரில் வையுங்கள். இல்லாவிட்டால் சூடேறி எண்ணெயே கெட ஆரம்பிக்கும். தண்டின் முனை கண்ணாடியைத் தொடக்கூடாது. காதுக்கும் காப்பு அணியுங்கள்.

பிறகு ஒரு வாரம் அசைக்காமல் வையுங்கள். எண்ணெய் கறுப்பாக இருப்பதால் படிவு பக்கவாட்டில் தெரியாது. பாட்டிலை மெதுவாகச் சாய்த்து, டார்ச் அடித்து அடிப்பாகத்தைப் பாருங்கள். ஸ்டோக்ஸ் விதிப்படி படியும் வேகம் துகள் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது: 50 நானோமீட்டர் துகள்கள் சேர்ந்து 500 நானோமீட்டர் கட்டியானால் ஏறக்குறைய நூறு மடங்கு வேகமாக இறங்கும். ஆகவே ஒரு வாரத்தில் அடியில் கனமான கறை தெரிந்தால், குறை மீயொலியிலோ அமிலத்திலோ இருக்கிறது. பொடியைக் கூட்டுவது அதற்குத் தீர்வாகாது. 0.1, 0.25, 0.5, 1 சதவீதம் என்று நான்கு கலவைகள் செய்து பாருங்கள். ஓர் அளவைத் தாண்டினால் கட்டிகளே பரப்பைக் கீறத் தொடங்கும்.

சோதனைக்கு நான்கு குண்டு இயந்திரம்: கீழே மூன்று எஃகுக் குண்டுகள் அசையாமல் இருக்க, மேலே நான்காவது குண்டு அவற்றை அழுத்தியபடி எண்ணெயில் சுழலும். ஏஎஸ்டிஎம் என்ற தர அமைப்பின் டி4172 சோதனை முறைப்படி 40 கிலோ விசை, 75 டிகிரி, நிமிடத்துக்கு 1200 சுற்று, ஒரு மணி நேரம். கீழிருக்கும் மூன்று குண்டுகளின் தேய்மானத் தழும்பை நுண்ணோக்கியில் அளந்து சராசரி எடுக்க வேண்டும்.

பெரும்பாலான திட்ட அறிக்கைகள் சறுக்குவது இந்த இடத்தில்தான். வெறும் எண்ணெயையும் நானோ எண்ணெயையும் மட்டும் ஒப்பிட்டு, ‘பொடியால் குறைந்தது’ என்று எழுதிவிடுகிறார்கள். ஒலியிக் அமிலமே உராய்வைக் குறைக்கும் பொருள்! எனவே மூன்றாவதாக ஓர் எண்ணெய் வேண்டும்: அதே அளவு அமிலம், அதே சூடு, அதே அரை மணி நேர மீயொலி, பொடி மட்டும் கிடையாது. இதைத் தாண்டி நானோ எண்ணெய் எவ்வளவு குறைக்கிறதோ அதுதான் பொடியின் பங்கு. இந்த மூன்றாவது பாட்டில் இல்லாத அறிக்கையில் நான் கையெழுத்திடுவதில்லை.

எண்களையும் அளவறிந்து படியுங்கள். 40 கிலோ விசையில், தேய்மானமே இல்லாவிட்டாலும் குண்டுகள் அழுந்தும் வட்டத்தின் விட்டம் ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர். ஒரே ஆள், ஒரே இயந்திரத்தில், ஒரே எண்ணெயைத் திரும்பச் சோதித்தாலே 0.12 மில்லிமீட்டர் வரை மாறலாம் என்கிறது அந்த முறை. 0.62 என்பது 0.57 ஆனதை வைத்துக்கொண்டு கொண்டாடாதீர்கள். ஒவ்வோர் எண்ணெயையும் புதிய குண்டுகளுடன் மூன்று முறையாவது ஓட்டுங்கள்.

துகள்கள் பந்துபோல உருள்கின்றன என்று அழகான படம் போடுவதற்கும் எனக்குப் பொறுமை இல்லை. தழும்பை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்து அங்கே செம்பு படிந்திருக்கிறதா என்று காட்டினால், படலம் உண்டாகிறது என்றோ பள்ளம் நிரம்புகிறது என்றோ பேசலாம். எண்ணெய்ப் படலம் உலோகங்களை முழுதாகப் பிரித்து வைத்திருக்கும் வேகத்தில் பொடிக்குச் செய்ய வேலை அதிகம் இல்லை. தொடங்கும்போதும், மெதுவாகக் கனம் சுமக்கும்போதும்தான் அது உதவும்.

கடைசியில் எல்லோரும் கேட்பது: “சார், பைக்கில் ஊற்றிப் பார்க்கலாமா?” வேண்டாம். பெரும்பாலான கியர் பைக்குகளில் கிளட்ச் அதே எண்ணெயில்தான் முங்கியிருக்கிறது. உராய்வைக் குறைத்தால் கிளட்ச் வழுக்கும். கிளட்ச் வழுக்காத பைக் எண்ணெய்களுக்கு ஜாசோ எம்ஏ என்ற ஜப்பானியத் தரக்குறியீடு இருப்பதே அதற்காகத்தான். செம்பு சூடான எண்ணெயின் ஆக்சிஜனேற்றத்தை விரைவுபடுத்தும் என்பது இன்னொரு காரணம். மீந்த கலவையைத் தொட்டியில் கொட்டாமல், பெயர் எழுதிய கேனில் ஊற்றிப் பயன்படுத்திய எண்ணெய் சேகரிப்பவரிடம் கொடுங்கள், உள்ளே நானோ பொடி இருப்பதையும் சொல்லி.